சுடர் அணைந்த பிறகுதான் தண்ணீர் ஏறுகிறது

பள்ளி அறிவியல் பாடநூல்களை எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். ஒரே ஒரு படத்தைப் பற்றித்தான் இந்த மடல். தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவே எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. படத்துக்குக் கீழே விளக்கம்: எரிந்து தீர்ந்த ஆக்சிஜனின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது, ஆகவே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். நான் படித்த புத்தகத்தில் இது இருந்தது. இப்போது என் மகளின் புத்தகத்திலும் இருக்கிறது.

போன மாதம் அவள் இதைச் செய்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "அப்பா, எரியும்போது தண்ணி ஏறவே இல்லையே. அணைஞ்சப்புறம்தான் ஏறுது."

நம்பாமல் மறுபடி செய்யச் சொன்னேன். கண்ணைத் தட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சுடர் எரிந்த வரை தண்ணீர் கிட்டத்தட்ட அசையவில்லை. டம்ளரின் விளிம்பு வழியாக இரண்டு மூன்று குமிழிகள் வெளியே வந்தன. சுடர் சுருங்கி, திரியிலிருந்து புகை ஒரு நூல்போல எழுந்த பிறகு, தண்ணீர் விறுவிறுவென்று ஏறியது. கண்ணாடியின் உட்புறம் பனி படிந்தது.

ஆக்சிஜன் தீர்வதுதான் காரணமென்றால், சுடர் எரிய எரியத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டும். குமிழி வெளியே வருவதற்கும் வழியில்லை. அடுத்து, அவளாகவே மூன்று மெழுகுவர்த்திகளை வைத்தாள். தண்ணீர் முன்பைவிட நன்றாக உயரே போனது. டம்ளர் அதேதான், அதற்குள் அடைபடும் காற்றும் அதே அளவுதான். ஆக்சிஜன் மட்டும் எப்படிக் கூடும்?

கூடியது சூடு. சுடர் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி விரியவைக்கிறது. அந்த விரிந்த காற்றைத்தான் டம்ளர் மூடுகிறது. மிச்சம் விரிவதுதான் குமிழியாக வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே குளிர்ந்து அழுத்தம் குறைய, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கு எப்படி ஒத்துப்போகிறது என்றால், தற்செயல். 100 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்று 30 டிகிரிக்கு இறங்கினால் அதன் கன அளவு ஏறக்குறைய 19 சதவீதம் சுருங்கும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். எத்தனை தலைமுறையை ஏமாற்றியதோ இந்தப் பொருத்தம்!

எரிவதாலும் வாயு கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. மெழுகு எரியும்போது மூன்று பங்கு ஆக்சிஜன் போனால் இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு வந்துவிடுகிறது. கூடவே வரும் நீராவிதான் கண்ணாடியில் படிகிற பனி. ஆனால் ஆக்சிஜனில் பெரும்பகுதி மிச்சமிருக்கும்போதே சுடர் அணைந்துவிடும். எனவே இது சிறிய பங்குதான்.

இதையெல்லாம் அவள் தேர்வில் எழுதினாள். தவறு என்று சிவப்பு மையில் கோடு. ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். கையில் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு நூறு தாள் திருத்துகிறவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? அந்தக் குறிப்பு உங்கள் வரியிலிருந்து வந்தது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாக்கின் நுனியில் மட்டும் இனிப்பு என்று காட்டும் வரைபடம், விமான இறக்கையின் மேலும் கீழும் பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சந்திக்கிறது என்ற கதை, இவையும் இதே ரகம். கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்று ராலே போன்ற பெரிய இயற்பியலாளரே கருதினார். 1921இல் கப்பலில் வந்த சி. வி. ராமன், நிக்கோல் பட்டகம் என்ற சிறு கருவியைக் கண்ணருகே பிடித்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை வடிகட்டிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் துலங்கியது. பெரியவர் சொன்னதைப் பார்த்துச் சரிபார்க்க அவருக்குக் கையடக்கக் கருவி ஒன்று போதுமாயிருந்தது. என் மகளுக்கு இரண்டு மெழுகுவர்த்திகள் கூடுதலாகத் தேவைப்பட்டன, அவ்வளவுதான்.

அடுத்த பதிப்பில் படம் அப்படியே இருக்கட்டும். கீழே உள்ள வரியை எடுத்துவிட்டு, 'தண்ணீர் எப்போது ஏறத் தொடங்கியது?' என்று கேளுங்கள். பக்கத்தில் மூன்று மெழுகுவர்த்திகளோடு இன்னொரு படம். விடையைப் பின்பக்கத்தில்கூடப் போட வேண்டாம்.

போன மதிப்பெண்ணைத் திருப்பிக் கேட்கவில்லை. அவளே அதை மறந்துவிட்டாள். நேற்று டம்ளரை வெந்நீரில் அலசி, சூடு ஆறுவதற்குள் தட்டிலிருந்த தண்ணீரில் கவிழ்த்தாள். மெழுகுவர்த்தியே இல்லை. தண்ணீர் மெல்ல ஏறியது.

இப்படிக்கு,
உங்கள் புத்தகத்தைப் படிக்கும் ஒரு மாணவியின் தகப்பன்