சிறைக்கு அனுப்பத் தயாரா?

அன்புள்ள ரவி,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். நான் ஓய்வுக்குப் பிறகும் சட்ட உதவி மையத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

திட்ட அனுமதி, அதாவது நிலத்தில் வீடோ கேரவனோ வைத்துக் குடியிருக்க அரசு தரும் ஒப்புதல், இல்லாமல் ஒரு நிலத்தில் குடியேறியவர்களை வெளியேற்ற நீதிமன்றம் ஏன் இவ்வளவு யோசிக்கிறது என்று கேட்டிருந்தாய். இங்கிலாந்தில் இந்த வழக்குகளில் நிற்பவர்கள் பெரும்பாலும் நாடோடி மரபில் வந்த ஜிப்சி குடும்பங்கள். சொந்தக் காசில் நிலம் வாங்கி, அதிலே கேரவன் என்ற வண்டி வீட்டை நிறுத்தி வாழ்கிறார்கள். நகரைச் சுற்றிக் கட்டடம் எழும்பாமல் காக்கப்படும் பசுமை வளையத்துக்குள் நிலம் இருந்துவிட்டால் திட்ட அனுமதி கிடைப்பது மிகக் கடினம். இவர்கள் கேரவனை நிறுத்த இடம் அமைத்துத் தரும் கடமையை 1968இல் உள்ளாட்சி மன்றங்களுக்கு விதித்த சட்டப்பிரிவை 1994இல் நீக்கிவிட்டார்கள். சொந்தமாக நிலம் தேடிக்கொள் என்றார்கள், தேடிக்கொண்டவர்களுக்கு அனுமதி மறுத்தார்கள். எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

அனுமதியின்றிக் குடியேறினால் உள்ளாட்சி மன்றம் முதலில், அதை நிறுத்தச் சொல்லும் அமலாக்க அறிவிப்பு அனுப்பலாம், மீறினால் அபராதம். அதற்கும் மசியாவிட்டால், சில நேரம் அதற்கெல்லாம் காத்திராமலே, 1990ஆம் ஆண்டுத் திட்டச் சட்டத்தின் 187பி பிரிவில், இந்த மீறலைத் தடுக்கும் தடையாணையை நீதிமன்றத்திடம் கேட்கும். அதை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு, இரண்டு ஆண்டு வரை சிறை.

1990களில் நீதிபதிகள், திட்டமிடல் என்பது உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு என்று ஒதுங்கி, குடும்பத்தின் துன்பத்தை அதிகம் எடைபோடாமலே ஆணை தந்தார்கள். 2003இல் போர்ட்டர் என்ற ஜிப்சி குடும்பத்தின் வழக்கில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அந்தப் போக்கை மாற்றியது. முதன்மைத் தீர்ப்பு, நீதிபதி பிங்காம் பிரபுவுடையது. அவர் சொன்னது இதுதான்: திட்ட அனுமதி தரலாமா என்று நீதிபதி முடிவு செய்ய முடியாது. ஆனால் தடையாணை தருவதா வேண்டாமா என்பது நீதிபதி தானே எடைபோட்டு எடுக்க வேண்டிய முடிவு. நோய், பிள்ளைகளின் படிப்பு, போக வேறு இடம் உண்டா என்பதையெல்லாம் அவர் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே சட்டத்தை மீறினார்களா, சுற்றுப்புறத்துக்கு எவ்வளவு கேடு என்பதையும் பார்க்க வேண்டும். மீறினால் இவர்களைச் சிறைக்கு அனுப்ப நான் தயாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மனம் ஒப்பாவிட்டால் ஆணையே தரக்கூடாது.

அந்த வழக்கின் மிச்சக் கதையையும் கேள். இதற்கிடையே போர்ட்டருக்கு, மறுக்கப்பட்ட திட்ட விண்ணப்பங்களின் மேல்முறையீட்டை விசாரிக்கும் திட்ட ஆய்வாளர் அனுமதி கொடுத்திருந்தார். மன்றம் எதிர்த்துப் போராடியது, 2004இல் பிரபுக்கள் சபை அனுமதியை உறுதி செய்தது. ஆரம்பத்தில் தந்த தடையாணை மேல்முறையீட்டில் ரத்தாகாமல் இருந்திருந்தால், அனுமதி வந்து சேரும்போது அந்த நிலத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

முறைப்படி விண்ணப்பித்து, மறுக்கப்பட்டதும் பேசாமல் திரும்பிப் போனவனுக்கு என்ன பதில் என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான், லேசாகத் தள்ள மாட்டேன். ஆனாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வேறு இடம் இல்லாமல் சாலையோரத்துக்கு அனுப்பும் ஆணையில் கையெழுத்திட என்னால் முடியாது, ரவி. உன்னால் முடியுமா என்று எழுது. கால் முழுதாகத் தேறும்வரை மாடிப்படி ஏறாதே.

அன்புடன்,
சேகர்