எங்கள் தெருவுக்கு வந்தவரை மறுபடியும் அனுப்பி வையுங்கள்

எங்கள் பகுதிச் சமூக சுகாதார ஊழியர்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் வீடு வீடாக வந்துகொண்டிருந்த ஊழியரை மார்ச் மாதத்தோடு வேறு வேலைக்கு மாற்றிவிட்டீர்கள். இரண்டு முறை நேரில் வந்து கேட்டேன். "ஆள் பற்றாது" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

என் தம்பிக்கு வயது 52. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. போன வருஷம் கிளினிக்கில் எடை பார்க்க ஏறினான். அந்த மெஷின் 120 கிலோவுக்கு மேல் காட்டாது. வரிசையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, "உருளைக்கிழங்கு மண்டியில் போய் எடை போட்டுக்கொண்டு வாங்க" என்றார்கள். போனான். கூடவே நானும் போனேன். மூட்டை தூக்குகிறவர்கள் ஒதுங்கி வழிவிட, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்த இரும்புத் தட்டில் ஏறி நின்றான். 164. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான். அன்று இரவு சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு கிளினிக் பக்கமே போகவில்லை. மாத்திரை வாங்க நான்தான் போகிறேன்.

அப்படி முடங்கியவனை வெளியே நடக்க வைத்தவர் அந்த ஊழியர். ஜூலுப் பெண்மணி, நாங்கள் ‘சிசி’ என்று கூப்பிடுவோம்; அவர்கள் மொழியில் சகோதரி என்று அர்த்தம். உடம்பைக் குறை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சமையலறையில் உட்கார்ந்து, நான் கறிக்கு ஊற்றும் எண்ணெயை டீஸ்பூனால் அளந்து காட்டினார். 11 ஸ்பூன்! முப்பது வருஷமாகச் சமைக்கிறேன், எனக்கே தெரியவில்லை. கால் ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் ‘பன்னி சௌ’ வாங்கினால் கறியைத் தட்டில் கொட்டிக்கொண்டு ரொட்டியில் பாதியை எடுத்து வைக்கச் சொன்னார். இந்திய வம்சாவளி ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே ஆபத்து என்று விளக்கினார். தையல்காரரின் இஞ்சு டேப் 150 சென்டிமீட்டர்தான், தம்பிக்குப் போதவில்லை. அவரே இரண்டு டேப்பைச் சேர்த்துத் தைத்துக் கொண்டுவந்தார். எட்டு மாதத்தில் இடுப்பு 154 சென்டிமீட்டர் என்பது 145 ஆனது. எடை எவ்வளவு குறைந்ததென்று தெரியாது. மறுபடி மூட்டைத் தராசில் ஏற அவன் சம்மதிக்கவில்லை.

சிசியை காசநோய் மருந்தைப் பாதியில் விட்டவர்களைத் தேடிப் பிடிக்க அனுப்பியிருக்கிறீர்களாம். அதுவும் உயிர் காக்கும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த நாட்டுப் பெண்களில் 68 சதவீதம் பேருக்கு எடை கூடுதல் அல்லது உடல் பருமன் என்று 2016 கணக்கெடுப்பு சொன்னது உங்களுக்குத் தெரியாததா? ஆண்களில் 31 சதவீதம். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் பிரஷரும் இறங்கத் தொடங்கும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் உங்கள் ஊழியர்தானே? அந்த 5 சதவீதத்தை எதில் ஏறிப் பார்ப்பது? பிரஷர் பட்டையும் அப்படித்தான். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினால் யார் பொறுப்பு?

2018 ஏப்ரலிலிருந்து சர்க்கரை பானத்துக்கு வரி கட்டுகிறோம். 100 மில்லியில் 4 கிராமுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிராமுக்கும் வரி. எங்கள் நலத்துக்காக என்றார்கள், நல்லது என்றுதான் நானும் சொன்னேன். அந்தப் பணமெல்லாம் பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. அதிலிருந்து 200 கிலோவுக்கு மேல் தாங்கும் எடை மெஷின் ஒன்று எங்கள் கிளினிக்குக்கு வரவில்லை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான்: வீட்டுக்கு வரும் ஊழியரை மறுபடி அனுப்புங்கள். நல்ல எடை மெஷினும் பெரிய பிரஷர் பட்டையும் நீளமான டேப்பும் அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து பேச நேரமும் கொடுங்கள்.

சிசி தைத்த டேப் எங்கள் சமையலறை ஆணியில் தொங்குகிறது. அவர் எப்போது வருவார் என்று தம்பி கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவனிடம் சொல்ல ஒரு தேதி கொடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா