அந்த மரக்கூண்டை வாங்காதே

அன்புள்ள செல்வம்,

மகளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்து உன் தங்கச்சிக்கும் எனக்கும் ரொம்ப சந்தோஷம். இனிப்பு பாக்கி இருக்கிறது, மறந்துவிடாதே.

சரி, கோழி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதமாகக் காலியாகக் கிடக்கும் மரக்கூண்டு மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தாயே, வேண்டாம். நான் பட்டதைச் சொல்கிறேன்.

சித்திரையில் அடை வைத்த கருப்புப் பெட்டை பதினோராம் நாளே எழுந்து போய்விட்டது, பன்னிரண்டு முட்டையும் வீண். இதற்கு அடைகாக்கவே தெரியவில்லை என்று திட்டித் தீர்த்து, அடுத்த சந்தையில் விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு வைத்த இன்னொரு பெட்டையும் அதே வேலையைச் செய்தது. கொண்டை வெளிறிப்போய், முட்டை ஓட்டில் பொட்டுப் பொட்டாக ரத்தக்கறை வேறு. பகலில் இறகைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. எனக்குத்தான் கையெல்லாம் அரிப்பு.

கால்நடை மருத்துவரிடம் சொன்னால், "ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கம் முழுக்கச் செல்லு, அதுதான் கோழி ரத்தம் குடிக்கும் பொடிப்பூச்சி. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ரத்தம் குடித்ததும் சிவந்துவிடுகிறது. பகலெல்லாம் மரவிரிசலில் பதுங்கியிருந்து இருட்டியதும் ஏறிக் குடித்துவிட்டு இறங்கிவிடுமாம். நானோ கோழிக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன், இருப்பது கட்டையில்! (கோழி மேலேயே குடியிருக்கும் செல்லும் உண்டு, அது பின்பக்க இறகைக் கருப்பாக அழுக்காக்கிவிடும், பகலிலும் தெரியும். அது வேறு வகை.)

வெக்கையான நாளில் முட்டையிலிருந்து முழுச்செல்லாக ஒரு வாரம் போதும், ரத்தமே கிடைக்காமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கவும் முடியும். குளிர்ந்த இடத்தில் எட்டு மாதம்வரைகூட. நம் வெயிலில் அவ்வளவு தாங்காது என்றாலும், அந்தக் கூண்டு நிழலில்தானே கிடக்கிறது?

கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, விரிசலில் எல்லாம் நெருப்பு காட்டி, சுண்ணாம்பு அடித்தேன். செல்லின் முட்டைகள் தப்பிவிடும் என்பதால் ஏழாம் நாள் மறுபடியும் அதே கூத்து. கடைக்காரர் ஒருவர் வயலுக்கு அடிக்கும் மருந்தையே அடிக்கச் சொன்னார், நான் கேட்கவில்லை. 2017இல் நெதர்லாந்து, பெல்ஜியத்தில் இதே செல்லுக்காகக் கூடாத இடத்தில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்தை அடித்து, அது முட்டையில் ஏறி, லட்சக்கணக்கில் முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா?

கருப்பி இப்போது மறுபடி அடையில் உட்கார்ந்திருக்கிறாள், இன்றோடு பதினாறு நாள். தினமும் ராத்திரி டார்ச்சோடு நான் கிளம்பினால் உன் தங்கச்சி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

உனக்குக் கூண்டுதான் வேண்டுமென்றால் இடத்தின் நீள அகலம் எழுதி அனுப்பு. இங்கே வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயில் செய்து வைக்கிறேன், பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
ராசு