ஆயாவின் பைபிளைத் திருப்பித் தந்த அக்காவுக்கு

போன ஞாயிறு ராயபுரம் ஸ்டேஷன் பெஞ்சில் ஆயாவின் பைபிளை மறந்து வைத்துவிட்டு ரயில் ஏறிவிட்டேன். திருவொற்றியூரில் இறங்கியபோதுதான் உறைத்தது. திரும்ப ஓடினேன், பெஞ்ச் காலி.

உள்ளே இருந்த காணிக்கைக் கவரில் சபையின் பெயரைப் பார்த்து, மறுநாளே ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். கையில் மீன்கூடை இருந்ததாம். பெயர் கேட்கத் தோன்றவில்லை அந்த மனுஷனுக்கு!

2 தீமோத்தேயு 1:5-இல் ஆயா சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருப்பார். பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள், அப்புறம் தீமோத்தேயு என்று மாயமற்ற விசுவாசம் இறங்கிவரும் வசனம். ஓரத்தில் அம்மா பெயர், அதன்கீழ் என் பெயர். நேற்று என் மகளும் தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதிவிட்டாள்.

ரொம்ப நன்றி அக்கா. அட்டையில் லேசாக மீன் வாடை. துடைக்கவில்லை.