அண்ணாவுக்கு, 28 வருஷம் தாமதமாக ஒரு கையெழுத்து

அண்ணா,

போன மாதம் உன் பணி நிறைவு விழாவில் ஒருவர் மைக்கைப் பிடித்து உன் கட்டுரைக் கணக்கை வாசித்தார். மொத்தம் 41, ஹெச் இண்டெக்ஸ் 14. பக்கத்தில் இருந்த என் மகளிடம் அர்த்தம் கேட்டேன். குறைந்தது 14 தடவையாவது மற்றவர்கள் மேற்கோள் காட்டிய கட்டுரைகள் உனக்கு 14 இருக்கின்றனவாம். 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் கொண்டுவந்த கணக்காம். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை. அந்த 41-ல் சேராத ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது ஏன் சேரவில்லை என்று உனக்குத் தெரியும். நான் அழுதேன், நீ ஆய்விதழுக்குக் கடிதம் போட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டாய். அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

1984 கார்த்திகைக் குளிர் உனக்கு நினைவிருக்கிறதா? கோத்தகிரி வீட்டுக் குளியலறை. கவாத்துக் குச்சியை எரித்து அம்மா அண்டாவில் காய்ச்சிய தண்ணீர், புகை வாசனையோடு. எனக்கு 11 வயது. தலையில் மூன்றாவது செம்பு விழுந்ததும் சுவர் தள்ளிப் போனது. கண் விழித்தபோது அம்மா என் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்திருந்த நீ வாசலில் வாட்சைப் பார்த்தபடி நின்றாய். "இன்னொரு தடவை ஊத்தும்மா, பாக்கணும்" என்றாய். அம்மா அழுதுகொண்டே ஊற்றினாள். மறுபடி வந்தது. 40 விநாடி என்று எண்ணிச் சொன்னாய்.

அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் அடுத்த நிமிஷம் உன் ஸ்வெட்டரைக் கழற்றி என் ஈரத்தலையைச் சுற்றிக் கட்டினாய். அண்டாவில் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்து, பச்சைத்தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கலந்தாய். பேயும் இல்லை முனியும் இல்லை, சூடான தண்ணீர் தலையில் விழுவதால் வரும் வலிப்பு, மைசூர் பக்கம் நிறையப் பேருக்கு உண்டு என்று பிறகு நீதான் அம்மாவுக்குப் புரியவைத்தாய். வெதுவெதுப்பாகக் குளித்ததில் அது நின்றே போனது. நீ நரம்பியல் எடுத்ததே என்னால் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்லியிருந்தேன். வலிப்பு வருவதற்கு முந்தைய அந்த மிதப்பு எனக்குப் பிடித்திருந்தது, யாரும் இல்லாதபோது நானே செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டேன் என்று. 1996-ல் தட்டச்சுத் தாளில் அது முதல் நோயாளியின் கதையாக வந்து நின்றது. பெயர் இல்லைதான். மலை ஊர், வயது, பெண், அண்ணன் மருத்துவர். நம் ஊரில் வேறு யார்?

மெட்ராஸ் பெயரில் ஒரு நரம்பு நோய் இருக்கிறது, 1970-ல் மீனாட்சிசுந்தரமும் கூட இருந்தவர்களும் எழுதினார்கள், நம் மலையும் ஒரு ஆய்விதழில் ஏறட்டும் என்றாய். எனக்கு அப்போது நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. வலிப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று காட்டி ஒரு கல்யாணத்தையே செல்லாததாக்க இந்துத் திருமணச் சட்டத்தில் அன்று இடம் இருந்தது. 1999-ல்தான் எடுத்தார்கள். எனக்கு எப்போதோ நின்றுவிட்டது என்றால் யார் கேட்பார்கள்? நான் பயந்தது தப்பா?

இந்தப் பக்கத்தைச் சொந்தக்காரர்களும் படிப்பார்கள். அவரிடம் எப்போது சொன்னேன், அவர் என்ன சொன்னார் என்பது எங்களுக்குள் இருக்கட்டும். அவர் நல்லவர். அவ்வளவுதான்.

பதவி உயர்வு நேர்காணலில் முதல் ஆசிரியராக எத்தனை என்று கேட்டு, ஒன்று குறைகிறது என்று உன்னைத் திருப்பி அனுப்பினார்களாம். அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லவே இல்லை. அந்த ஒன்று நான்தான், அண்ணா. என்னை மன்னித்துவிடு. ஆனால் என்னை முதலில் கேட்டிருந்தால், என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை கேட்டிருந்தால், சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். எழுதி முடித்துவிட்டுத்தானே படிவத்தை அனுப்பினாய்!

அந்த ஒப்புதல் படிவம் எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு நடுவில் கிடைத்தது. நேற்று கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மிதப்பைப் பற்றிய வரியை எடுக்க வேண்டாம், இருக்கட்டும். ஒரே ஒரு திருத்தம். இரண்டாம் பக்கத்தில் "மறுபடியும் தண்ணீர் ஊற்றப்பட்டபோது" என்று போட்டிருக்கிறாய். ஊற்றச் சொன்னது நீ என்று எழுது.

உன் தங்கை