சீட் கொடுக்கும் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்சித் தலைவர்களுக்கு,

வணக்கம். நாடாளுமன்றத்தில் ஒரு உறுப்பினராவது வைத்திருக்கும் எல்லாக் கட்சிகளின் தலைமைக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒரு கட்சிக்கு மட்டும் எழுதினால் மற்ற கட்சிகள் அதை வெட்டி எடுத்துத் தங்கள் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும். இத்தனை வருடங்களாக அப்படித்தான் நடந்து வருகிறது.

அரசியலில் இருக்கும் பெண்களைப் பற்றி உங்கள் ஆட்கள் பேசுகிற பேச்சுதான் விஷயம். இதை நிறுத்தும் அதிகாரம் நீதிமன்றத்தையும் தேர்தல் ஆணையத்தையும்விட உங்களிடம்தான் அதிகம் இருக்கிறது. சீட் கொடுப்பது, மேடை ஏற்றுவது, பதவி கொடுப்பது, பறிப்பது எல்லாமே நீங்கள்தான். அந்த அதிகாரத்தை நீங்கள் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்தினாலும் சூடு ஆறியதும் திரும்பப் பெற்றுக்கொள்கிறீர்கள்.

2016 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பாஜகவின் மாநிலத் துணைத் தலைவராக இருந்த தயாசங்கர் சிங், மாயாவதி பணம் வாங்கிக்கொண்டு சீட் விற்கிறார் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு அரசியல் குற்றச்சாட்டு. ஆனால் நான்கு முறை முதலமைச்சராக இருந்தவரைப் பாலியல் தொழிலாளியோடு ஒப்பிட்டுப் பேசினார். நாடாளுமன்றம் கொந்தளித்தது. கட்சியிலிருந்து ஆறு ஆண்டுகளுக்கு நீக்கப்பட்டார். சரி, ஒரு கட்சியாவது சரியாக நடந்துகொண்டது என்று பலரும் நினைத்தோம். அடுத்த நாளே லக்னோவில் பகுஜன் சமாஜ் கட்சியினர் திரண்டு போராடினார்கள். தங்கள் தலைவிக்காகக் கொதித்த அந்தக் கூட்டம் தயாசங்கரின் மனைவியையும், சிறுமியான மகளையும் இழுத்துக் கோஷம் போட்டது. பேசியது ஒரு ஆண். அதற்குப் பதிலடி விழுந்தது அவர் வீட்டுப் பெண்கள் மேல்.

2017 தேர்தலில் அவருடைய மனைவி சுவாதி சிங்குக்கு பாஜக சீட் கொடுத்தது. அவர் ஜெயித்து அமைச்சரும் ஆனார். தேர்தல் முடிந்த கையோடு தயாசங்கரின் நீக்கமும் ரத்தானது. ஆறு ஆண்டுத் தண்டனை ஒரு ஆண்டுகூட ஓடவில்லை. 2022இல் அவரே பல்லியா தொகுதியில் நின்று, வென்று, அமைச்சராகவும் ஆகிவிட்டார். இதையெல்லாம் பார்க்கும் ஒரு இளம் பேச்சாளர் என்ன கற்றுக்கொள்வார்? கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்தால் போதும் என்பதைத்தானே?

சமாஜ்வாதி கட்சி அந்தக் கொஞ்ச நாளைக்கூடக் கேட்கவில்லை. 2019 ஏப்ரலில் ராம்பூரில் தன்னை எதிர்த்து நின்ற ஜெயப்பிரதாவின் உள்ளாடையைப் பற்றி ஆசம் கான் பேசினார். தேர்தல் ஆணையம் 72 மணி நேரம் பிரச்சாரத்துக்குத் தடை போட்டது. கட்சி அவரை வேட்பாளராகவே வைத்திருந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து டெல்லிக்குப் போனார். ஜூலையில், முத்தலாக் மசோதா விவாதத்தின்போது, மக்களவையை நடத்திக்கொண்டிருந்த ரமா தேவியிடமே ஆபாசமாகப் பேசினார். அவையை நடத்தும் நாற்காலியில் இருந்தாலும் ஒரு பெண்ணிடம் இப்படிப் பேசலாம் என்ற துணிச்சல் அவருக்கு ஏப்ரலிலேயே கிடைத்துவிட்டது. அவருடைய கட்சித் தலைவர் அகிலேஷ் அவையிலேயே அவருக்காகப் பரிந்து பேசினார்.

ஆனால் அடுத்த நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். நிர்மலா சீதாராமன், ஸ்மிருதி இரானி, சுப்ரியா சுலே, மிமி சக்ரவர்த்தி, கனிமொழி என்று கட்சி வித்தியாசம் இல்லாமல் பெண் உறுப்பினர்கள் எழுந்து கண்டித்தார்கள். சில நாட்களில் ஆசம் கான் அவையில் மன்னிப்புக் கேட்டார். உங்கள் பெண் உறுப்பினர்கள் ஒன்றாக நின்றதால் வந்த மன்னிப்பு அது. தலைவர்களாகிய நீங்கள் அப்படி ஒரே குரலில் பேசிய ஒரு நாள் என் நினைவில் இல்லை.

அவைக்குள் எழும் சிரிப்பைப் பற்றியும் பேச வேண்டும். 2015 மார்ச்சில் மாநிலங்களவையில் காப்பீட்டுத் துறை அந்நிய முதலீட்டு மசோதா விவாதத்துக்கு வந்தது. அதற்கு நடுவே ஐக்கிய ஜனதா தளத்தின் சரத் யாதவ், தென்னிந்தியப் பெண்களின் நிறத்தையும் உடலையும் வர்ணிக்க ஆரம்பித்தார். எங்களைப் பற்றித்தான். எங்கள் அம்மாக்களைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி. உறுப்பினர்கள் பலர் சிரித்தார்கள். காப்பீட்டுக்கும் என் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே சத்தம் போட்டுக் கேட்டிருக்க வேண்டாமா? 2018 பிப்ரவரியில் அதே அவையில் காங்கிரஸ் உறுப்பினர் ரேணுகா சவுத்ரி சத்தமாகச் சிரித்தபோது பிரதமர் மோடி அதை ராமாயணத் தொடரோடு சேர்த்துப் பேசினார், ஆளுங்கட்சி வரிசைகள் சிரித்தன. அந்தத் தொடரில் அப்படிச் சிரிப்பது யார் என்று எல்லோருக்கும் தெரியும். இன்று ஆபாசமாகப் பேசினால் அதிகபட்சம் அவைக்குறிப்பிலிருந்து நீக்குவார்கள். நீக்குவது வார்த்தையை மட்டும்தான். நேரலையில் போன காட்சி அன்று மாலையே எல்லோர் கைப்பேசியிலும் ஓடும். அவையில் பேசியதற்கு நீதிமன்றத்தில் வழக்குப் போடவும் முடியாது, அரசியல் சாசனத்தின் 105ஆவது பிரிவு அந்தப் பாதுகாப்பைக் கொடுக்கிறது. எனவே உங்கள் ஆளைக் கேள்வி கேட்க மிஞ்சியிருப்பது அவையும் நீங்களும்தான்.

எங்கள் ஊரில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். கட்சி எது என்பது இங்கே முக்கியமில்லை. வேனில் அழைத்துவந்த பெண்களை முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார வைத்திருந்தார்கள், கேமராவில் தெரிய வேண்டும் என்பதற்காக. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மைக் பிடித்த பேச்சாளர், எதிர்க்கட்சிப் பெண் தலைவர் ஒருவர் யாரோடு எங்கே போனார் என்று கதை சொல்ல ஆரம்பித்தார். பின்னால் நின்ற ஆண்கள் விசில் அடித்தார்கள். எனக்கு முன்னால் இருந்த ஒரு அக்கா, மடியில் உட்கார்ந்திருந்த பேத்தியின் காதைத் தன் முந்தானையால் பொத்தினார். மேடையில் மாவட்ட நிர்வாகிகள் எல்லோரும் இருந்தார்கள். பேச்சை நிறுத்தச் சொல்லி ஒருவர்கூடத் துண்டுச் சீட்டு எழுதி அனுப்பவில்லை. நேரம் ஆகிவிட்டால் மட்டும் உடனே எழுதி அனுப்பத் தெரிகிறது.

எல்லாக் கட்சிக்கும் இந்தக் கணக்கு இருக்கிறது. 2021இல் எடப்பாடி பழனிசாமியைத் தாக்குவதற்காக அவருடைய தாயைப் பேச்சில் இழுத்ததற்காகத் திமுகவின் ஆ. ராசாவுக்கு 48 மணி நேரத் தடை. 2024இல் ஹேமமாலினியைப் பற்றிப் பேசிய காங்கிரஸின் ரண்தீப் சுர்ஜேவாலாவுக்கும் அதே 48 மணி நேரம். மம்தாவின் தந்தை யார் என்று கேட்ட பாஜகவின் திலீப் கோஷுக்கும், கங்கனாவைப் பற்றிய பதிவுக்காகக் காங்கிரஸின் சுப்ரியா ஸ்ரீநேத்துக்கும் ஆணையத்தின் கண்டனம். இவர்களில் ஸ்ரீநேத் ஒரு பெண் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2025இல் பெண்களை இழிவுபடுத்திய பேச்சுக்காகத் திமுக அமைச்சராக இருந்த பொன்முடியின் கட்சிப் பதவி உடனே போனது. அமைச்சர் பதவி போக இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

மகளிர் இடஒதுக்கீடு வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று சொல்வீர்கள். 1996இல் முதன்முதலாக வந்த மசோதா 2023 செப்டம்பரில் மக்களவையில் 454க்கு 2 என்ற கணக்கில் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அமல் என்று அதற்குள்ளேயே எழுதிவிட்டீர்கள். அடுத்த ஆண்டே தேர்தல் வந்தது. 543 பேரில் பெண்கள் 74, அதற்கு முந்தைய அவையில் இருந்த 78ஐவிடக் குறைவு. தமிழ்நாட்டில் 39க்கு 5. சட்டம் வராமல் சீட் கொடுக்க முடியாதா? 2019இல் பிஜு ஜனதா தளம் ஒடிசாவின் 21 தொகுதிகளில் ஏழில் பெண்களை நிறுத்தியது, ஐந்து பேர் ஜெயித்தார்கள். மேற்கு வங்கத்தின் 42 தொகுதிகளில் திரிணமூல் 17 பெண்களை நிறுத்தியது. நாம் தமிழர் கட்சி பாதிக்குப் பாதி கொடுக்கிறது. மனம் இருந்த கட்சிகள் கொடுத்திருக்கின்றன. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் அவையில் அந்தச் சிரிப்பு அவ்வளவு சுலபமாகக் கிளம்பாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒவ்வொன்றும் தேர்தலின்போது 40 நட்சத்திரப் பேச்சாளர்கள் வரை பட்டியல் கொடுக்கலாம், அவர்களின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது. அது சட்டம் தரும் சலுகை. ஆணையம் தடை விதித்த, கண்டித்த யாரையும் அடுத்த தேர்தலில் அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சீட்டும் கொடுக்காதீர்கள். கொடுத்தே தீருவேன் என்றால் ஏன் என்று எழுதி வெளியிடுங்கள். குற்ற வழக்கு உள்ளவரை வேட்பாளராக்கினால் காரணத்தை வெளியிட வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதே, அதே மாதிரி உங்கள் கட்சி விதியிலேயே இதைச் சேருங்கள். நீக்கினால், அறிவித்த காலம் முழுக்க நீக்கி வையுங்கள். உங்கள் ஆளால் அவமதிக்கப்பட்ட பெண் எதிர்க்கட்சியில் இருந்தாலும், எதிர்க்கட்சி கண்டிப்பதற்கு முன்னால் நீங்கள் கண்டியுங்கள். அதற்கு ஆணையமோ நீதிமன்றமோ தேவையில்லை, அன்று இரவே உங்கள் கையெழுத்தில் ஒரு பக்க அறிக்கை போதும்.

அடுத்த தேர்தலுக்கு நீங்கள் வெளியிடப்போகும் பேச்சாளர் பட்டியலையும் வேட்பாளர் பட்டியலையும் பெயர் பெயராகப் படிக்கப்போகிறேன். படித்துவிட்டுத்தான் வாக்குச்சாவடிக்குப் போவேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாக்காளர்