சென்னை எண்ட்பாயிண்ட் குழுவுக்கு எபேனிலிருந்து ஒரு திறந்த மடல்

நம் கம்பெனியின் எல்லாக் கிளைகளின் கம்ப்யூட்டர்களையும் சென்னையில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளும் நண்பர்களுக்கு, வணக்கம். மொரீஷியஸ் எபேன் சைபர்சிட்டி ஹெல்ப்டெஸ்கில் இருப்பவன் எழுதுகிறேன். டிக்கெட்டில் எழுதி எழுதிப் பார்த்துவிட்டேன். பேச்சு ஏஜென்டைப் பற்றி, அதாவது ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்து உங்கள் உத்தரவைக் கேட்டு நடக்கும் மைக்ரோசாஃப்ட் கான்ஃபிகரேஷன் மேனேஜரின் சிறு மென்பொருளைப் பற்றி. எதைக் கேட்டாலும் உங்களிடமிருந்து ஒரே பதில்தான் வருகிறது: "ஏஜென்ட் கரப்ட், ரீஇன்ஸ்டால் செய்யவும்."

2024 ஜனவரியில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 9ஆம் தேதி மாதாந்திர விண்டோஸ் பேட்ச், அதாவது பாதுகாப்புத் திருத்தம், வந்தது. 15ஆம் தேதி பெலால் புயல், போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்தன, எங்கள் ஆட்கள் லேப்டாப்பை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பில் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வந்து வேலை பார்த்தார்கள். பேட்ச் கட்டாயம் ஏற நீங்கள் வைத்த கெடு 25ஆம் தேதி. அன்று தைப்பூசம். தமிழ்நாட்டில் 2021இலிருந்துதான் அரசு விடுமுறை, அதுவும் உங்கள் அலுவலகத்துக்குப் பொருந்தாது போலிருக்கிறது. இங்கே நாடு முழுக்க விடுமுறை, பாதிப் பேர் காத்ர் போர்ன் பக்கம் மலையடிவாரக் கோயிலில் காவடியோடு நின்றோம், லேப்டாப்கள் பையில் தூங்கின. மறுநாள் வெள்ளிக்கிழமை எல்லோரும் ஆபீசுக்கு வந்து மூடியைத் திறந்ததும் அத்தனை இயந்திரமும் ஒரே நேரத்தில் பேட்சை இழுக்க ஆரம்பித்தது, லைன் திணறியது, அப்புறம் 90 நிமிடத்தில் ரீஸ்டார்ட் என்று எல்லாத் திரையிலும் எச்சரிக்கை. உங்களைக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. 26 ஜனவரி, உங்களுக்குக் குடியரசு தினம்! திங்கட்கிழமை வந்த பதில்தான் மேலே சொன்னது.

ஏஜென்ட் கரப்ட் ஆகவில்லை. நாம் சொன்னதைத்தான் அது செய்தது. விண்டோசில் எஸ்எம்எஸ் ஏஜென்ட் ஹோஸ்ட் என்ற பேரில் ஓடும் அதன் சர்வீஸ், அதாவது சிசிஎம்எக்ஸெக், நாம் மாற்றாத வரை 60 நிமிடத்துக்கு ஒருமுறை மேனேஜ்மென்ட் பாயிண்ட் என்ற சர்வரிடம் பாலிசி, அதாவது என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவு, கேட்கும். பாலிசி வந்துவிட்டாலும் பேட்ச் கோப்பு வேறிடத்தில், டிஸ்ட்ரிப்யூஷன் பாயிண்ட் என்ற கோப்புக் கிடங்கில் இருக்கிறது. ரேஷன் கார்டு கையில் இருந்தாலும் எந்தக் கடை என்று பதிவாகியிருந்தால்தானே அரிசி கிடைக்கும்? எந்த ஐபி முகவரிக்கு எந்தக் கிடங்கு என்று சொல்லும் அந்தப் பதிவுதான் பவுண்டரி குரூப். புயலுக்காக அவசரமாகத் திறந்த விபிஎன்னின் புது ஐபி வரம்பை நீங்கள் அதில் சேர்க்கவே இல்லை, மாற்று வழியும் திறந்து வைக்கவில்லை. லொகேஷன்சர்வீசஸ் லாகை, அதாவது ஏஜென்ட் எழுதிவைக்கும் நடவடிக்கைப் பதிவுக் கோப்பைத் திறந்தால், கோப்பு எங்கே என்று அந்தப் பத்து நாளும் ஏஜென்ட் கேட்டுக்கொண்டே இருந்ததும், காலிப் பட்டியலே பதிலாக வந்ததும் தெரியும். வெள்ளிக்கிழமை ஆபீஸ் நெட்வொர்க்கில் கடை கிடைத்தது, கெடுவும் தாண்டியிருந்தது, உடனே பாய்ந்துவிட்டது. இதில் ரீஇன்ஸ்டால் எதைச் சரிசெய்யும்?

நிஜமாகவே கெட்டுப்போன இயந்திரங்களும் உண்டு, மறுக்கவில்லை. எங்களிடமே இரண்டு இருந்தன. ஒன்றில் டபிள்யூஎம்ஐ ரெபாசிடரி, அதாவது விண்டோஸ் தன் நிர்வாகத் தகவல்களை வைக்கும் கிடங்கு, சிதைந்திருந்தது, ஏஜென்ட் தன் பாலிசியை எல்லாம் அதில்தான் வைக்கிறது என்பதால் அதைச் சரிசெய்யாமல் நீங்கள் சொன்னபடி ஏஜென்டை மூன்று முறை ரீஇன்ஸ்டால் செய்தும் பலனில்லை. இன்னொன்றில் குரூப் பாலிசியின், அதாவது விண்டோசின் அமைப்பு விதிகளின், ரெஜிஸ்ட்ரி.பால் கோப்பு கெட்டிருந்தது, டபிள்யூயுஏஹேண்ட்லர் லாகில் பிழை அப்பட்டமாகத் தெரிந்தது, அந்தக் கோப்பை அகற்றிவிட்டு, விதிகளைப் புதுப்பிக்கும் ஜிபிஅப்டேட் கட்டளையை ஓட்டியதும் முடிந்தது, ஏஜென்டைத் தொடவே இல்லை. சர்வீசஸ் பட்டியலில் "ரன்னிங்" என்று இருப்பதை வைத்து நலம் என்றும் சொல்ல முடியாது, பூட் ஆகிச் சற்று நேரம் நின்றிருப்பதை வைத்துச் செத்தது என்றும் சொல்ல முடியாது. அது டிலேய்ட் ஸ்டார்ட், தாமதித்துத்தான் எழும்.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. எஸ்எம்எஸ் என்ற பேரைப் பார்த்துவிட்டு, தன் போன் மெசேஜைக் கம்பெனி படிக்கிறது என்று ஒருவர் டாஸ்க் மேனேஜரில் தினமும் அதைக் கொன்றுகொண்டிருந்தார். அது 1994இல் வந்த சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் சர்வரின் பழைய பேர், மாற்றாமல் விட்டுவிட்டார்கள் என்று விளக்கியும் அவர் முகம் தெளியவில்லை. அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களிடம் கேட்பது இவைதான். விபிஎன் வரம்பை இன்றைக்கே பவுண்டரியில் சேருங்கள். எங்கள் விடுமுறைப் பட்டியலை அனுப்புகிறேன், கெடு வைக்கும் முன் ஒரு பார்வை பாருங்கள். உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம், கெடுவைக் கிளையன்டின், அதாவது அந்தந்தக் கம்ப்யூட்டரின், உள்ளூர் நேரத்தில் வையுங்கள். ரீஇன்ஸ்டால் என்று எழுதுவதற்கு முன் சிசிஎம் லாக்ஸ் ஃபோல்டரைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் சீக்கிரம் கேளுங்கள், நாம் மாற்றாத வரை ஒவ்வொரு லாகும் 250 கேபி ஆனதும் ஒதுக்கப்பட்டுப் புதிது தொடங்கிவிடும், பழையதில் ஒரு பிரதிதான் மிஞ்சும். இந்தத் தடவை 26ஆம் தேதி மதியமே பன்னிரண்டு லேப்டாப்பின் லாகைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். எந்த ஃபோல்டரில் போட வேண்டும் என்று சொன்னால் போதும்.